வீட்டில் செய்த மர மேசை: மெருகேற்றும்போது வரும் கோளாறுகளும் சரிசெய்யும் வழிகளும்

மேசை நிமிர்ந்து நிற்கிறது, பலகை மட்டமாக இருக்கிறது, திருகெல்லாம் இறுகிவிட்டது. இனி உப்புத்தாள், ஸ்டெயின் (மரத்துக்கு நிறமேற்றும் திரவம்), வார்னிஷ், விளிம்புப் பீடிங் (ஓரத்தில் பொருத்தும் மெல்லிய மரச்சட்டம்) மட்டும்தான் பாக்கி. கோளாறுகள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் தலைகாட்டும். ஒன்றைக் கண்டதுமே கை பிரஷ்ஷைத் தேடும்; மேலே இன்னொரு கோட் அடித்தால் மறைந்துவிடும் என்று தோன்றும். மறையாது. வார்னிஷ் ஏற ஏறக் கீழே இருக்கும் குறை இன்னும் துலக்கமாகத் தெரியும். குறை எந்த அடுக்கில் இருக்கிறதோ அந்த அடுக்கு வரை இறங்கி, அங்கே சரிசெய்துவிட்டு மறுபடி ஏறி வர வேண்டும். அதனால் எதையும் தொடுவதற்கு முன் மூன்று சோதனைகள் செய்துவிடுங்கள்.

முதலாவது டார்ச் சோதனை. இருட்டிய பிறகு அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பலகையின் மேல் படுக்கவைத்து ஒளியைச் சாய்வாக ஓடவிடுங்கள். பகலில் கண்ணாடி போலத் தெரிந்த பரப்பில் கீறல், மேடு, பள்ளம், பசைத் திட்டு எல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும்.

இரண்டாவது நகச் சோதனை. கண்ணில் படாத மூலையில் கட்டைவிரல் நகத்தை அழுத்துங்கள். தடம் விழுந்தால் படலம் இன்னும் இறுகவில்லை. செதில் போலப் பெயர்ந்தால் அடியில் ஒட்டவில்லை. இரண்டும் வேறு வேறு நோய்கள், மருந்தும் வேறு.

மூன்றாவது, மேலே இருப்பது என்ன பூச்சு என்று தெரியாதபோது செய்வது. அடிப்பக்கத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் விடுங்கள். கொஞ்ச நேரத்தில் பிசுபிசுத்தால் அது அரக்கு, அதாவது ஷெல்லாக். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் லேக்கர் தின்னருக்கு இளகிக் கரைந்தால் லேக்கர். எண்ணெய் வார்னிஷும் பாலியூரிதேனும் (இனி பி.யு.) இறுகிய பிறகு கரையாது, தின்னர் பட்டால் சுருங்கி எழும்பலாம், அவ்வளவுதான்.

சுழி சுழியாகக் கீறல் தெரிகிறது

வெறும் மரமாக இருந்தவரை கண்ணில் படவில்லை, ஸ்டெயின் பூசியதும் பன்றிவால் மாதிரிச் சின்னச் சின்னச் சுழிகள் எழும்பிவிட்டன என்றால் அது சாண்டர் (உப்புத்தாள் மாட்டித் தேய்க்கும் இயந்திரம்) விட்டுப்போன தடம். ஸ்டெயினில் இருக்கும் நிறமி அந்தக் கீறல்களுக்குள் தங்கிக் கறுப்பாகக் காட்டுகிறது.

காரணம் பெரும்பாலும் தாளின் எண்ணைத் தாவிப் போனதுதான். 80 எண் தாளின் மணல் ஏறத்தாழ 0.2 மி.மீ. பருமன், 220 எண் தாளின் மணல் 0.07 மி.மீ. கூட இல்லை. 80 போட்ட பள்ளத்தை 220 நிரவ வேண்டுமானால் மணிக்கணக்கில் தேய்க்க வேண்டும். யாரும் அவ்வளவு நேரம் தேய்ப்பதில்லை. மேடுகளின் தலை மட்டும் வழுவழுப்பாகும், பள்ளம் அப்படியே இருக்கும், கையால் தடவினால் தெரியாது. 80, 120, 150, 180, வேண்டுமானால் 220 என்று படிப்படியாகத்தான் போக வேண்டும்.

இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. வேகமாக முடியட்டும் என்று சாண்டரைக் கை வலுவோடு அழுத்தினால் அதன் சுழற்சி தடைபட்டு ஆழமான சுழி விழும். இயந்திரத்தின் எடையும் கையின் எடையும் போதும். அப்புறம், முந்தின தாளிலிருந்து உதிர்ந்த ஒரு மணல் துகள் பலகையில் கிடந்தால், அடுத்த தாளின் கீழ் அதுவே உருண்டு உருண்டு கோடு போடும். ஒவ்வொரு எண் முடிந்ததும் தூசியை உறிஞ்சியோ துடைத்தோ எடுத்துவிடுங்கள்.

சரிசெய்ய: 120-க்கு இறங்குங்கள். பலகை முழுக்கப் பென்சிலால் லேசாகக் கிறுக்கிவிட்டு, கிறுக்கல் எல்லா இடத்திலும் சமமாக மறையும் வரை தேயுங்கள். அடுத்த எண்ணுக்கு மறுபடி கிறுக்கல், மறுபடி தேய்த்தல். எந்த இடம் விடுபட்டது என்பதைப் பென்சில் காட்டிக்கொடுத்துவிடும். கடைசி எண்ணை மட்டும் ஒரு மரத்துண்டில் சுற்றி, ரேகை ஓடும் திசையிலேயே கையால் தேய்த்து முடியுங்கள். மிச்சமிருக்கும் மெல்லிய சுழிகளை இது ரேகையோடு ரேகையாக ஒளித்துவிடும்.

தேய்க்கும்போது முகமூடி கட்டாயம். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருட்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. ஒரு மேசைதானே என்று மூக்கைத் திறந்துவைத்து வேலை செய்யாதீர்கள்.

பலகையின் வெட்டு முனை மட்டும் கறுத்துவிட்டது

ரேகை முடியும் அந்த முனையில் மரத்தின் குழாய்கள் வாய் திறந்து நிற்கின்றன, ஸ்டெயினைக் குடித்துத் தள்ளும். மேல்பரப்பை 180-ல் நிறுத்தினால் முனையை 220, 320 வரை கொண்டுபோங்கள். நீர்த்த அரக்கை ஒரு கை முனையில் மட்டும் பூசிக் காயவிட்டு ஸ்டெயின் போட்டாலும் நிறம் ஒத்துவரும்.

நிறம் திட்டுத்திட்டாக ஏறியிருக்கிறது

இங்கே இரண்டு வெவ்வேறு கோளாறுகள் ஒரே மாதிரித் தோன்றும். பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

திட்டு வெளிறி, ஓரம் கத்தரித்தது போலத் தெளிவாக இருந்து, இணைப்புகளுக்குப் பக்கத்தில் விழுந்திருந்தால் அது பசை. நான் முதலில் செய்த மேசையில், கால் பலகையோடு சேரும் இடத்தில், ஒரு கட்டைவிரல் ரேகை அச்சு அசலாக வெள்ளையாகத் தெரிந்தது. பிதுங்கிய பசையை விரலால் வழித்துவிட்டு, அதே விரலை மரத்தில் ஊன்றி எழுந்திருக்கிறேன். காய்ந்த பசை கண்ணுக்குத் தெரியாது. ஸ்டெயினை அது உள்ளே விடாது, அதனால் அடியில் இருக்கும் மரத்தின் சொந்த நிறம் அப்படியே நிற்கும். அந்த இடத்தை ஸ்கிரேப்பரால் (சுரண்டும் இரும்புத் தகடு) அல்லது கூரான உளியைச் செங்குத்தாகப் பிடித்து மெல்லச் சுரண்டுங்கள். சுற்றியுள்ள பரப்பை எந்த எண்ணில் முடித்தீர்களோ அதே எண்ணால் தேய்த்து, மறுபடி ஸ்டெயின் பூசுங்கள். அங்கே மட்டும் வேறு எண் போட்டால் நிறமும் வேறாகிவிடும். அடுத்த முறை ஸ்டெயினுக்கு முன்பே, டர்பெண்டைன் நனைத்த துணியால் பலகையை ஒரு முறை துடைத்துப் பாருங்கள். நனைந்த மரம் கருத்து, பசை பட்ட இடம் மட்டும் வெளிறி நிற்கும். டர்பெண்டைன் ஆவியாகிப் போய்விடும், மரத்துக்குக் கேடில்லை.

திட்டு மேகம் போல ஓரம் கலைந்து, பலகை முழுக்கப் பரவியிருந்தால் அது மரத்தின் குணம். பைன், பிர்ச், மேப்பிள் போன்றவற்றில் சில இடம் அடர்த்தி, சில இடம் தளர்ச்சி. தளர்ந்த இடம் அதிகம் குடிக்கும். எண்ணெய் ஸ்டெயின் இன்னும் ஈரமாக இருந்தால் டர்பெண்டைன் துணியால் உடனே துடைத்துப் பெரும்பகுதியை எடுத்துவிடலாம். காய்ந்துவிட்டால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும், முழுதும் வராது. மறுமுறைக்கு, நீர்த்த அரக்கை ஒரு கோட் பூசி, காய்ந்ததும் 220 தாளால் லேசாக வருடிவிட்டு, அதன் மேல் ஜெல் ஸ்டெயின் போடுங்கள். ஜெல் கெட்டியாக இருப்பதால் உள்ளே ஓடாமல் மேலேயே நிற்கும்.

என்னைக் கேட்டால், பைனுக்கு அடர் நிறம் ஏற்ற வேண்டும் என்ற ஆசையையே விட்டுவிடலாம். வெறும் வார்னிஷில் அது தேன் நிறமாக அழகாகவே இருக்கும். எதுவானாலும், அதே பலகையில் வெட்டி மிஞ்சிய துண்டில் உப்புத்தாள் முதல் கடைசிக் கோட் வரை எல்லாவற்றையும் ஒருமுறை செய்து பார்த்துவிட்டு மேசையில் கை வையுங்கள்.

தண்ணீர் சார்ந்த பூச்சுக்குப் பிறகு பரப்பு முள் முள்ளாக இருக்கிறது

தண்ணீர் பட்டு நார் எழுந்துவிட்டது. முதல் கோட் நன்றாகக் காய்ந்ததும் 220 அல்லது 320 தாளால் மெல்ல வருடிவிட்டால் போதும். முன்கூட்டியே தடுக்க, கடைசியாகத் தேய்த்த பிறகு ஈரத்துணியால் பலகையைத் துடைத்துக் காயவிட்டு, எழுந்த நாரை 220 தாளால் வெட்டிவிட்டு, அப்புறம் பூசுங்கள்.

இரண்டு நாளாகியும் தொட்டால் பிசுபிசுக்கிறது

இதில் பொறுமை முக்கியம், ஆனால் காரணம் தெரியாமல் காத்திருந்தால் வாரங்கள் வீணாகும்.

பூசியது எண்ணெயா, வார்னிஷா என்று முதலில் பாருங்கள். எண்ணெய் என்றால் பெரும்பாலும் மிச்சத்தைத் துடைக்காமல் விட்டதுதான் காரணம். எண்ணெயைப் பூசி, பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டு, மேலே நிற்பதை எல்லாம் உலர்ந்த துணியால் வழித்தெடுக்க வேண்டும். மரம் குடித்தது போக மேலே நிற்பது பசையாகத்தான் மாறும். டர்பெண்டைன் நனைத்த துணியால் அழுந்தத் துடைத்து எடுங்கள். இன்னொன்று, பச்சை ஆளிவிதை எண்ணெய் வாங்கியிருந்தால் அது காய வாரக்கணக்கில் ஆகும். கொதிக்கவைத்தது என்று சொல்லி விற்பதில் உலர்த்தும் உலோக உப்புகள் சேர்ந்திருப்பதால் அது ஓரிரு நாளில் காயும். சமையல் எண்ணெய் வகைகளில் பல காயவே காயாது.

வார்னிஷ் அல்லது எண்ணெய் சார்ந்த பி.யு. என்றால் நான்கு காரணங்களைப் பாருங்கள். கோட் தடிமனாகப் போயிருக்கலாம்: மேலே தோல் கட்டி, அடியில் ஈரம் சிறைப்பட்டிருக்கும். அறை குளிர்ந்தோ ஈரப்பதம் மிகுந்தோ காற்றோட்டம் இல்லாமலோ இருக்கலாம். இந்தப் பூச்சுகள் காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டுதான் இறுகுகின்றன, மூடிய அறையில் தவிக்கும். டப்பா பழையதாக இருக்கலாம். ஒரு கண்ணாடித் துண்டில் தடவிப் பாருங்கள், அதுவும் மறுநாள் காயாவிட்டால் குற்றம் டப்பாவில்தான்.

நான்காவது காரணம்தான் பலரை ஏமாற்றும்: மரமே காயவிடாமல் தடுப்பது. தேக்கு, ஈட்டி போன்ற மரங்களின் உடம்பில் இயல்பாகவே எண்ணெய்ப் பொருட்கள் உண்டு. அவற்றில் சில ஆக்சிஜன் வேலை செய்வதைத் தடுப்பவை. மரத்தைப் பூச்சியிலிருந்து காக்கும் அதே குணம் வார்னிஷைக் காயவிடாமல் வைத்திருக்கும். பக்கத்தில் இருக்கும் வேறு மரத்தில் அதே டப்பா நன்றாகக் காய்ந்து, தேக்கில் மட்டும் பிசுபிசுத்தால் சந்தேகமே வேண்டாம்.

சரிசெய்ய: முதலில் மின்விசிறியை அறையில் ஓடவிட்டு, தூசி மேலே விழாதபடி பலகைக்கு நேராக வைக்காமல், மூன்று நான்கு நாள் பாருங்கள். நாளுக்கு நாள் பிசுபிசுப்பு குறைந்தால் தொடாமல் விட்டுவிடுங்கள். குறையவே இல்லை என்றால் ஸ்கிரேப்பரால் வழித்து, டர்பெண்டைனால் துடைத்து, மரம் வரை இறங்குங்கள். எண்ணெய்ப்பசை மரமாக இருந்தால், மெழுகு நீக்கிய அரக்கு ஒரு மெல்லிய கோட் பூசிவிட்டு அதன் மேல் வார்னிஷ் போடுங்கள். ஸ்பிரிட் ஆவியாவதாலேயே அரக்கு காய்கிறது, ஆக்சிஜனை நம்பியில்லை. அதனால் தேக்கின் மேலும் காயும், மேலே வருகிற வார்னிஷுக்கும் மரத்துக்கும் நடுவில் சுவராக நிற்கும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். எண்ணெய் ஆக்சிஜனோடு சேரும்போது சூடு பிறக்கும். விரித்துக் கிடக்கும் துணியில் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். சுருட்டிய துணிக்குள் ஏறிக்கொண்டே போய், நெருப்பே வைக்காமல் தானாகத் தீப்பிடிக்கும். துணியை வெளியில், கல்லின் மேலோ கம்பியிலோ தனித்தனியாக விரித்து விறைப்பாகும் வரை காயவிடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் நிரப்பிய இரும்பு டப்பாவில் முக்கி மூடிவையுங்கள். வேலை முடிந்த களைப்பில் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடக் கூடாத ஒரே வேலை இதுதான்.

குமிழ், தூசி, வழிசல், பிரஷ் கோடு

குமிழ் வந்தால் டப்பாவைக் குலுக்கியிருப்பீர்கள், அல்லது பிரஷ்ஷை டப்பாவின் விளிம்பில் வழித்திருப்பீர்கள். குச்சியால் மெதுவாகக் கலக்குங்கள். பிரஷ்ஷின் நுனியை உள்சுவரில் தட்டினால் போதும். முதல் கோட்டை டர்பெண்டைனால் பத்து விழுக்காடு நீர்த்தால் குமிழ் தானாக உடையும். இது எண்ணெய் சார்ந்ததற்கு மட்டும். பிரஷ் கோடு என்பது காயத் தொடங்கிய பரப்பைத் திரும்பத் திரும்ப வருடியதன் விளைவு. பூசுங்கள், ஒரே ஒரு முறை நுனியால் நீளவாக்கில் இழுத்துவிடுங்கள், நகர்ந்துவிடுங்கள். விடுபட்ட இடம் அடுத்த கோட்டில் கிடைக்கும்.

தூசி விழுந்ததைப் பார்த்து விரலால் எடுக்கப் போகாதீர்கள். காய்ந்ததும் 320 தாளால் வருடினால் போய்விடும். வழிசலுக்கும் அதே பொறுமை வேண்டும்: நன்றாக இறுகிய பிறகு, ஒரு பிளேடை லேசாக வளைத்துப் பிடித்து அந்த மேட்டை மட்டும் சுரண்டி எடுங்கள். இறுகுமுன் தேய்த்தால் மேல்தோல் கிழிந்து பள்ளமாகும்.

மேலே வெள்ளையாகப் பூத்துவிட்டது

மழைநாளில் லேக்கரோ அரக்கோ பூசினால் பால் கொட்டியது போல வெளுக்கும். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் வியர்வை போலப் படிந்து படலத்துக்குள் மாட்டிக்கொள்கிறது. பல நேரம் வெயில் வந்ததும் தானாகவே தெளியும். தெளியாவிட்டால், லேக்கருக்கு மெதுவாக ஆவியாகும் தின்னரையும், அரக்குக்கு ஸ்பிரிட்டையும் துணியில் மிகக் குறைவாக நனைத்து ஒரே வீச்சில் வருடுங்கள். படலம் ஒரு கணம் இளகி ஈரத்தை வெளியே விடும். துணி நின்றுவிட்டால் அந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும், அதனால் விமானம் தரையைத் தொட்டு எழும்புவது போல, கை ஓடிக்கொண்டே வந்து தொட்டு ஓடிக்கொண்டே விலக வேண்டும்.

சூடான கோப்பை வைத்த வெள்ளை வளையமும் இதே ஈரம்தான். முடி உலர்த்தியைக் குறைந்த சூட்டில் வைத்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் காட்டினால் பெரும்பாலும் மறையும். வளையம் கறுப்பாக இருந்தால் தண்ணீர் படலத்தைத் தாண்டி மரத்துக்குள் போயிருக்கிறது. அங்கே பூச்சை எடுத்துவிட்டுத்தான் வேலை.

பூசப் பூச மீன் கண் போலக் குழி விழுகிறது

பூச்சு அந்த இடத்தில் ஒட்டாமல் விலகி ஓடுகிறது. அடியில் மெழுகோ சிலிக்கோனோ இருக்கிறது. மரச்சாமான் பளபளக்கத் தெளிக்கும் திரவங்கள், இயந்திரத்துக்கு அடிக்கும் சில ஸ்பிரேக்கள் இவற்றில் சிலிக்கோன் இருக்கும். மேலே மேலே பூசினாலும் குழி மூடாது. ஈரமாக இருக்கும்போதே துடைத்தெடுத்து, டர்பெண்டைனால் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் புதிய துணியால் கழுவி, மெழுகு நீக்கிய அரக்கால் மூடிவிட்டுத் தொடருங்கள்.

படலம் தகடு தகடாக உரிகிறது

முன்பு சொன்ன நகச் சோதனையில் செதில் பெயர்ந்தால் இதுதான். இறுகிய பி.யு. மேல் அப்படியே அடுத்த கோட் பூசினால் பிடிப்புக்கு ஒன்றுமில்லை. 320 தாளால் பரப்பை மங்கலாக்கியிருக்க வேண்டும். ஈரம் போகாத எண்ணெய் ஸ்டெயின் மேல் தண்ணீர் சார்ந்த பூச்சு போட்டிருந்தாலும், மெழுகு நீக்காத அரக்கின் மேல் பி.யு. போட்டிருந்தாலும் உரியும். ஒட்டாத அடுக்கை முழுக்க எடுங்கள். உரிந்த இடத்தை மட்டும் தேய்த்து மூடினால் ஒரு மாதத்தில் பக்கத்து இடம் உரியும்.

விளிம்புப் பட்டை பலகையோடு சமமாக வரவில்லை

பிளைவுட் மேசையின் விளிம்பில் மரப்பட்டை ஒட்டி முடிப்பவர்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. பட்டை தாழ்ந்து போயிருந்தால் பலகையைத் தேய்த்து அதன் மட்டத்துக்குக் கொண்டுவர நினைக்காதீர்கள். பிளைவுட்டின் மேல் வெனீர் (மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய மர ஏடு) பெரும்பாலும் அரை மி.மீ. அல்லது அதற்கும் குறைவு. சாண்டர் நான்கு சுற்று கூடுதலாக ஓடினாலே அடியில் இருக்கும் தரம் குறைந்த அடுக்கு பழுப்பாக எட்டிப்பார்க்கும். அதற்கு வைத்தியம் இல்லை. தாழ்ந்த பட்டையைக் கழற்றிவிட்டு வேறு ஒட்டுவதே நல்லது.

அதனால் ஒட்டும்போதே பட்டை பலகையைவிட அரை முதல் ஒரு மி.மீ. உயர்ந்து நிற்கும்படி வையுங்கள். பசை முழுக்கக் காயட்டும். பட்டையை ஒட்டினாற்போல வெனீர் மேல் மாஸ்கிங் டேப் ஒரு வரிசை ஒட்டுங்கள். கூர்தீட்டிய சின்ன இழைப்புளியை மெல்லியதாக வைத்து, டேப்பைத் தொடும் வரை இழையுங்கள். இழைப்பு சுருள் சுருளாக வந்தால் திசை சரி; பொடிந்து பிய்ந்து வந்தால் மறுபுறத்திலிருந்து இழையுங்கள். பிறகு ஸ்கிரேப்பர். அதன் ஒரு முனையில் இரண்டு சுற்று டேப் சுற்றி, அந்த முனை வெனீர் மேலும் வெறும் முனை பட்டை மேலும் வரும்படி தள்ளுங்கள். டேப்பின் கனம் மட்டும் மிஞ்சும் வரை பட்டை சீவப்படும், வெனீர் மேல் இரும்பு படவே படாது. கடைசியாக டேப்பை உரித்துவிட்டு, எல்லை மேல் பென்சில் கோடு கிறுக்கி, மரத்துண்டில் சுற்றிய 180 தாளால் கோடு மறையும் வரை மட்டும். விரலை எல்லையின் குறுக்கே ஓட்டிப் பாருங்கள், கண்ணைவிட விரல் நுனி நம்பகமானது.

ரவுட்டரால் (சுழலும் அலகால் வெட்டும் இயந்திரம்) சமன் செய்பவர்களுக்குப் பட்டை பிய்ந்துகொண்டு வந்தால், ஒரே மூச்சில் வெட்டாமல் ஒன்றிரண்டு மெல்லிய ஓட்டமாக வெட்டுங்கள். முனைகளில் ஒரு துண்டு மரத்தைக் கிளாம்ப் போட்டு அணைகொடுத்தால் மூலை பிளக்காது.

இஸ்திரிப்பெட்டியால் ஒட்டும் எட்ஜ் பேண்ட் எழும்பியிருந்தால், மேலே ஒரு துணி போட்டு மறுபடி சூடு காட்டி, ஆறும் வரை மரத்துண்டால் அழுத்தித் தேயுங்கள். சூடு காட்டியதும் கையெடுத்துவிடுவதால்தான் முதல் முறை எழும்புகிறது.

கூர்விளிம்பில் வார்னிஷ் நிற்கவே இல்லை

திரவம் கூரான முனையிலிருந்து விலகி ஓடும். வெட்டுக்கத்தி போல நிற்கும் விளிம்பை 2 மி.மீ. அளவுக்கு உருட்டிவிடுங்கள். பூச்சும் நிற்கும், முன்கையும் உறுத்தாது.

பீடிங்கின் மூலை வாய் பிளந்து நிற்கிறது

ஒட்டிய அன்றே பிளவு இருந்தால் கோணம் 45 இல்லை, அல்லது மேசையின் மூலையே 90 இல்லை. மெல்லிய பிளவென்றால் ஒரு வித்தை உண்டு: பசை ஈரமாக இருக்கும்போதே, திருகுளியின் உருண்டையான தண்டை மூலையின் இரு பக்கமிருந்தும் பிளவை நோக்கி அழுத்தி உருட்டுங்கள். நார் மடங்கி வாயை மூடிக்கொள்ளும். அகன்ற பிளவில் மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தால் ஸ்டெயின் ஏறும்போது கறை போலத் தெரியும். அதைவிட அதே மரத்திலிருந்து ஒரு மெல்லிய சீவலைப் பசை தடவிச் செருகிவிட்டுச் சமன் செய்யுங்கள்.

ஒட்டி சில மாதம் கழித்துப் பிளந்தால் காரணமே வேறு. முழு மரப் பலகை ரேகைக்குக் குறுக்கே விரியும், சுருங்கும். நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது. 60 செ.மீ. அகலமுள்ள பலகை ஈரக்காலத்துக்கும் வறண்ட காலத்துக்கும் நடுவே சில மி.மீ. அசைவது சாதாரணம். அதைச் சுற்றி நான்கு பக்கமும் பீடிங்கைப் பசையால் இறுக்கினால் மூலை பிளக்கும், அல்லது பலகை வெடிக்கும். குறுக்குப் பக்கப் பீடிங்கில் நடுவில் மட்டும் பசை வையுங்கள். இரு முனைகளிலும் நீள்துளை போட்டுத் திருகால் பிடியுங்கள். பிளைவுட்டுக்கு இந்தக் கவலை இல்லை.

ஆணி அடித்தால் பீடிங் பிளக்கிறது, துளை தனியாகத் தெரிகிறது

ஆணியைவிடச் சற்றே மெல்லிய துளை முதலில் போடுங்கள். துளைபோடக் கருவி இல்லையென்றால் ஆணியின் கூரைச் சுத்தியலால் தட்டி மழுக்குங்கள். மழுங்கிய ஆணி நாரை விலக்கிப் பிளக்காமல் நசுக்கிக்கொண்டு இறங்கும். துளையை அடைக்கும் பட்டியை (புட்டி) வார்னிஷுக்கு முன்னால் பார்க்காமல், ஸ்டெயினும் முதல் கோட்டும் முடிந்த பிறகு, அந்த நிறத்துக்கு ஏற்ற பட்டியாகப் பார்த்து அடையுங்கள். மரம் எந்த நிறமாகப் போகிறது என்பது அதற்கு முன்னால் தெரியாது.

திருகைச் சுற்றிக் கருநீலக் கறை

டானின் என்னும் துவர்ப்புப் பொருள் நிறைந்த ஓக் போன்ற மரத்தில் ஈரமும் இரும்பும் சேர்ந்தால் மை போன்ற கறை பிறக்கும். தேய்த்தால் போகாது. ஆக்ஸாலிக் அமிலக் கரைசலைத் தடவினால் வெளுக்கும். அது நஞ்சு: கையுறை, கண்ணாடி வேண்டும், காய்ந்த பொடியைத் தேய்த்து மூச்சில் இழுக்கக் கூடாது, முடிந்ததும் தண்ணீரால் பலமுறை கழுவுங்கள். இரும்புத் திருகை எடுத்துவிட்டுப் பித்தளையோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ போடாவிட்டால் கறை திரும்பவும் வரும். தண்ணீர் சார்ந்த பூச்சுக்குக் கோட்டுகளுக்கு நடுவே இரும்பு நூலால் (ஸ்டீல் வூல்) தேய்த்தாலும் இதே கறை புள்ளி புள்ளியாக வரும்.

பலகை குழிந்துவிட்டது

மேல்புறம் மட்டும் நான்கு கோட், அடிப்புறம் வெறும் மரம் என்றால், அடிப்புறம் வேகமாக ஈரத்தை எடுக்கவும் விடவும் செய்யும், மேல்புறம் மெதுவாகச் செய்யும். பலகை ஒரு பக்கம் வளைந்துதான் தீரும். திருகால் இழுத்து நிமிர்த்த முயன்றால் பிளந்துவிடும். கழற்றி, சமமான குச்சிகளின் மேல் இரு பக்கமும் காற்று படும்படி இரண்டு வாரம் வையுங்கள். ஓரளவு நிமிர்ந்ததும் அடிப்புறத்துக்கும் மேலே போட்ட அதே பூச்சைப் பூசி, சட்டத்தோடு நீள்துளைத் திருகால் பொருத்துங்கள். கண்ணில் படாத பக்கம்தானே என்று விடும் அடிப்புறம்தான் பலகையின் மட்டத்தைத் தீர்மானிக்கிறது.

மேசை ஆடுகிறது

கால்களை அறுக்கும் முன் மேசையைத் தொண்ணூறு பாகை திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஆட்டம் வேறு காலுக்கு மாறினால் தரைதான் கோணல். அதே கால் தூக்கி நின்றால், மட்டமான தரையில் அந்தக் காலின் கீழ் ஆப்பு வைத்து மேசையை நிலைநிறுத்துங்கள். அந்தக் காலுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியைவிடச் சற்றே தடிமனான ஒரு மரத்துண்டின் மேல் பென்சிலைப் படுக்கவைத்து, நான்கு கால்களையும் சுற்றிக் கோடு இழுத்து, கோட்டோடு அறுங்கள். ஒரு காலை மட்டும் கண்மதிப்பில் அறுத்து அறுத்து மேசை குட்டையானதுதான் மிச்சமாகும். அறுத்த முனையின் ஓரத்தை உருட்டி, அங்கேயும் பூச்சு ஒரு கை பூசிவிடுங்கள். தரை துடைக்கும் ஈரம் அந்த வழியாகத்தான் காலுக்குள் ஏறும்.

மேலே வைத்த பொருள் ஒட்டிக்கொண்டு தடம் விடுகிறது

பூச்சு காய்ந்துவிட்டது, ஆனால் முற்றவில்லை. எண்ணெய் சார்ந்த பி.யு. தொடும் அளவுக்கு ஒரு நாளில் காயும். முழு வலுவுக்கு ஏறத்தாழ ஒரு மாதம் எடுக்கும். மூன்று நாள் போனால் எழுதலாம், புத்தகம் வைத்து எடுக்கலாம். கனமான மானிட்டரை வைத்து விட்டுவிடுவது, விரிப்பு போட்டு மூடுவது, ரப்பர் அடி வைத்த விளக்கு வைப்பது இவற்றையெல்லாம் ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள். ரப்பரிலும் மென்மையான பிளாஸ்டிக்கிலும் உள்ள எண்ணெய்ப் பொருள் முற்றிய பூச்சையும் காலப்போக்கில் இளக்கும். அவற்றின் அடியில் ஃபெல்ட் வட்டம் ஒட்டிவிடுங்கள். ஏற்கெனவே தடம் விழுந்திருந்தால் ஒரு மாதம் முடிந்ததும் 400 தாளால் அந்தப் பகுதியை மட்டும் அல்லாமல் பலகை முழுவதையும் லேசாக மங்கலாக்கி, துடைத்து, மெல்லிய கோட் ஒன்று பூசுங்கள்.